ஆடிச் சீருக்கு ஒரு ஜோடிச் சிட்டு

பெண் கொடுத்த இடத்தில் குருவி கேட்பார்கள் என்று ஜோதியம்மாள் கனவிலும் நினைத்ததில்லை.

ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்துப் பிழைத்தவள் அவள். ஊர் திரும்பிய வெள்ளைக்காரம்மா ஒருத்தி ஒரு ஜோடிச் சீமைச் சிட்டுகளைக் கூண்டோடு அவளிடம் விட்டுப் போனாள். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, மார்பில் வரி. பெண் வெறும் சாம்பல் நிறம். கணவன் காலமாகி, ஒரே மகள் சரோஜாவும் போளூருக்கு வாழப் போன பிறகு, தையல் மிஷின் சத்தத்துக்குப் பதில் சொல்ல வீட்டில் அந்த இரண்டும்தான் இருந்தன.

கல்யாணத்தின்போது சம்பந்தி ராணியம்மாள் கூண்டைப் பார்த்துவிட்டாள்.

"முதல் ஆடிச் சீரோட ஒரு ஜோடி வந்துடணும் சம்மந்தி. ஆணும் பொண்ணுமா!" என்றாள் சிரித்துக்கொண்டே.

சிரிப்பை நம்பி ஜோதியம்மாளும் தலையாட்டிவிட்டாள். ஆடி பிறந்து தாய்வீட்டுக்கு வந்த சரோஜா முதலில் கேட்டதே அதைத்தான். "மறந்துடாதம்மா. அத்தை வீதி பூரா சொல்லி வெச்சிருக்காங்க. இல்லன்னா என்னைத்தான் பேசுவாங்க."

நல்லவேளையாக அந்த வருஷம் நாலு குஞ்சுகள் பொரித்திருந்தன. ஆனால் நாலும் ஒரே அச்சு. நாலுக்கும் சாம்பல் உடம்பு, கறுத்த அலகு. எது ஆண், எது பெண்?

பக்கத்து வீட்டு நாத்தனார் உண்ணாமுலை, "பெரிய ஜோடியையே குடுத்துடுங்க அண்ணி. தொல்லை கம்மி" என்றாள்.

"வாயைக் கழுவு" என்றாள் ஜோதியம்மாள்.

காய்கறி விற்க வந்த கருப்பன், தலை பெரிதாக இருந்தால் ஆண் என்றான்.

"நாலுக்கும் ஒரே தலையா இருக்கேய்யா!"

"அப்ப மோதிரத்தை நூல்ல கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கம்மா. சுத்தினா பொண்ணு."

மோதிரம் சுற்றுவதற்குள் ஒரு குஞ்சு நூலைக் கொத்தி இழுத்தது. கருப்பன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

ஆடி வெள்ளி கழிந்த மறுநாள் பார்த்தால், இரண்டு குஞ்சுகளின் கன்னத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஜோதியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரெண்டு ஆண், ரெண்டு பொண்ணு! அண்ணாமலையாரே!" என்று கும்பிட்டாள்.

சீர் கொண்டுபோகிற அன்று குஞ்சுகள் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து குளித்தன. கன்னங்கள் பழையபடி சாம்பலாகிவிட்டன. கிண்ணத்துத் தண்ணீர்தான் மஞ்சளாக நின்றது.

"நான்தான் அண்ணி மஞ்சள் வெச்சேன்" என்றாள் உண்ணாமுலை. "ஆடி வெள்ளியாச்சே, கண்ணு படக் கூடாதுன்னு. மத்த ரெண்டும் கையில சிக்கல."

ஜோதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். போளூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வேறு வழி தெரியாமல் நாலையும் ஒரே கூண்டில் போட்டாள். நாலில் இரண்டு ரகமும் இல்லாமலா போய்விடும்?

இல்லாமல்தான் போனது. ஐப்பசியில் ராணியம்மாள் கூண்டோடு வந்து இறங்கினாள். உள்ளே நாலுக்கும் ஆரஞ்சுக் கன்னம். இந்தத் தடவை மஞ்சளில்லை.

"ஜோடி கேட்டா நாலு மாப்பிள்ளைங்களை அனுப்பிட்டீங்களே சம்மந்தி! விடிஞ்சா போதும், நாலும் ஒரே கத்தல். வீதியே சிரிக்குது. உங்க பொண்ணைக் கேட்டா, அம்மாவுக்குத் தெரியாதுன்னு அழுவுறா."

சூடாகத் திருப்பிக் கொடுக்க ஜோதியம்மாளிடம் வார்த்தை இருந்தது. 'அழுவுறா' என்றதும் அதை விழுங்கிக்கொண்டாள். ஆணியிலிருந்து பழைய கூண்டைக் கழற்றினாள். உள்ளே இருந்த தன் ஜோடியை ஒருமுறை பார்த்துவிட்டு, சம்பந்தி கையில் கொடுத்தாள்.

"எது ஆம்பளைன்னு கேக்காதீங்க. இதுங்க மூஞ்சியிலயே எழுதியிருக்கு. என் பொண்ணை இனிமே அழவெக்காதீங்க."

ராணியம்மாள் கொண்டுவந்த நாலையும் அங்கேயே விட்டுவிட்டு, அந்தக் கூண்டை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் விடியுமுன்பே நாலு மாப்பிள்ளைகளும் கச்சேரியைத் தொடங்கிவிட்டார்கள். சத்தம் கேட்டு உண்ணாமுலை எட்டிப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேன் இல்ல அண்ணி, பெரிய ஜோடியைக் குடுத்துடுங்கன்னு?"

ஜோதியம்மாள் மிஷினை நிறுத்தவில்லை.

"ஆமாடி, சொன்ன. இப்ப உன் மஞ்சக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ."