எழுதினால் அடி விழும்

ஆசிரியர் வேலைக்குப் போன முதல் வருஷம் நான் பிள்ளைகளைக் கண்டு பயந்ததில்லை. பெற்றோர்களைக் கண்டுதான் பயந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிக் புலாவிலிருந்து பட்டணத்துக்கு வந்து வாடகை அறையில் தங்கியிருந்தேன். சேலை கட்டினாலும் பெரிய வகுப்புப் பிள்ளை மாதிரிதான் இருப்பேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பை என் தலையில் கட்டினார்கள்.

ஜனவரி மாதம் பள்ளி திறந்த அன்று பெற்றோர்கள் வரிசையாக வந்து பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். எல்லார் வாயிலும் ஒரே பாட்டுத்தான். "கண்ண மட்டும் விட்டுடுங்க டீச்சர், மத்தபடி தோல உரிச்சிடுங்க." நம் ஆட்கள் இதை மரியாதைக்குச் சொல்வார்கள். பிள்ளை இனி உங்கள் பொறுப்பு, நாங்கள் குறுக்கே வரமாட்டோம் என்று அர்த்தம். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து வந்த ஓர் அப்பா ஒருபடி மேலே போய், பாசாரில் வாங்கிய புது ரோத்தான் பிரம்பையே என் மேசையில் வைத்தார். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், கைகள் உலக்கை மாதிரி இருந்தன. பக்கத்தில் நின்ற அவர் மகள் இரட்டைச் சடையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அந்தப் பிரம்பை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

எங்கள் தலைமையாசிரியர் அந்த வருஷம் புது வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்புப் புத்தகம். அதில் ஆசிரியர் எழுதி அனுப்புவார், பெற்றோர் படித்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் பேச்சுவார்த்தை வேண்டும் என்பது அவருடைய ஆசை. எனக்கும் அது பிடித்திருந்தது. நேரில் பேசுவதைவிட எழுதுவது சுலபம், எதிரில் யாரும் முறைக்கமாட்டார்கள்.

மார்ச் மாதம் அந்த இரட்டைச் சடைக்காரி அடிக்கடி வீட்டுப்பாடம் இல்லாமல் வந்தாள். கேட்டால், பலகையில் இருந்ததை முழுசாக எழுதிக்கொள்ளவில்லை என்றாள். நோட்டைப் பார்த்தால் பாதி வரியோடு நின்றிருந்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். "மகள் வீட்டுப்பாடம் செய்யவில்லை. இது மூன்றாவது தடவை. கண்டிக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் புத்தகம் கையெழுத்தோடு வந்தது. அவளும் வந்தாள். முழங்காலுக்குக் கீழே வரிவரியாகத் தடித்திருந்தது, காலுறையை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டிருந்தாள். ஓய்வு நேரத்தில் தனியே கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"இனிமே புத்தகத்துல எழுதாதீங்க டீச்சர். நீங்களே அடிச்சிடுங்க."

அன்றிலிருந்து அந்தப் புத்தகங்களைத் தொடவே பயம் வந்துவிட்டது. தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அப்பாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பார், அந்தக் கோபமும் வீட்டுக்குப் போய் அவள் காலில்தான் இறங்கும் என்று தோன்றியது. நானே அந்த மனிதரைப் பார்த்துப் பேசியிருக்கலாம். அந்தக் கைகளை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே எல்லாப் பிள்ளைகளின் புத்தகத்திலும் 'நன்று', 'மிக நன்று' என்றே எழுதினேன். தலைமையாசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வகுப்பு பரவால்ல லா டீச்சர், புகாரே இல்ல" என்று பாராட்டினார். வெட்கமில்லாமல் நானும் சிரித்து வைத்தேன்.

இதற்கிடையில் அவளிடம் வேறொன்றைக் கண்டேன். சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பாள், திடீரென்று நின்றுவிடுவாள். கண் எங்கேயோ நிற்கும், இமை மட்டும் படபடக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல் வாசிப்பாள். பிள்ளைகள் "டீச்சர், இவளுக்குக் கரண்ட் போயிடுச்சு" என்று கேலி செய்தார்கள். முதலில் நானும் பகல்கனவு என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரே நாளில் நாலைந்து தடவை வந்தது. இது கனவு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று இப்போது எழுதினால் அது பொய்.

பலமுறை அவள் புத்தகத்தைத் திறந்தேன். 'மகள் வகுப்பில் கவனமில்லாமல்' என்று ஆரம்பித்தாலும், 'மகளைச் சற்றுக் கவனிக்கவும்' என்று ஆரம்பித்தாலும், முடிவில் அடி விழும் என்றே பட்டது. மூடிவிட்டு மறுபடி திறந்து 'நன்று' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னாள். சனிக்கிழமை பாசாருக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது அவள் நட்ட நடுவில் நின்றுவிட்டாளாம், மோட்டார் சைக்கிள் மோதித் தொடை எலும்பு முறிந்துவிட்டதாம். "சும்மா நின்னா டீச்சர். எல்லாரும் கத்துனாங்க, அவ அசையவே இல்ல."

பள்ளி விட்டதும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் எப்படி இருக்கிறாளோ என்ற பயம் ஒரு பக்கம், அவள் அப்பா என்னை என்ன செய்வாரோ என்ற பயம் இன்னொரு பக்கம். எது பெரிது என்று கேட்டால் சொல்லக் கூசுகிறது. அவர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பெரிய அதிகாரியைக் கண்டதுபோல் சட்டென்று எழுந்து நின்றார்.

"டாக்டர் கேட்டாரு டீச்சர், புள்ள அப்பப்ப அப்படியே நின்னுடுமான்னு. எனக்கு ஒன்னும் தெரியல. நான் வீட்டுக்குப் போறப்ப தூங்கிடும். அவ அம்மாவுக்கு ஃபேக்டரியில ஷிப்ட். நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்தேன் அண்ணே. மூணு நாலு மாசமா."

"ஏன் டீச்சர் புத்தகத்துல எழுதல?"

"எழுதினா நீங்க அடிப்பீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "அந்த ஒரு தடவதான் டீச்சர் நான் அடிச்சேன். எங்க வேலையில, வேலை வாங்குற மண்டோர் வாயால எவ்ளோ திட்டுனாலும் பரவால்ல. சூராட்டுன்னு கடுதாசி எழுதிக் குடுத்தாத்தான் ஆபத்து. மூணாவது சூராட் வந்தா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவேன். பக்கத்து வீட்டுல படிச்சுக் காட்டுனாங்க, மூணாவது தடவன்னு நீங்க எழுதியிருக்கீங்கன்னு. புள்ளைய ஸ்கூல விட்டு நிறுத்தப் போறாங்கன்னு பயந்துட்டேன். நான் அடிச்சது தெரிஞ்சா நீங்க மன்னிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

என்னைப் பார்த்து ஒருவர் அந்த அளவு பயப்பட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதற்குள் டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். சீனர், நடுவயது. நான் வகுப்பில் பார்த்ததையெல்லாம் ஆங்கிலத்தில் கேட்டுக் குறித்துக்கொண்டார். இது வலிப்பில் ஒரு வகை, உடம்பு துடிக்காது, சில விநாடிகள் நினைவு மட்டும் நின்றுபோகும், மருந்து இருக்கிறது என்றார். குறிப்பேட்டை மூடும்போது, "முன்பே யாராவது சொல்லியிருந்தால் மருந்து கொடுத்திருப்போம், இந்த விபத்து நடந்திருக்காது" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார். "டாக்டர் என்ன சொன்னாரு டீச்சர்?"

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி முடித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது இருந்ததைவிட அதிகமாக அப்போது பயந்தேன். ஆனாலும் சொன்னேன். விபத்தைப் பற்றி டாக்டர் கடைசியில் சொன்னதையும் விடாமல் சொன்னேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்து எதையோ யோசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, மார்ச் மாசம் அவ வீட்டுப்பாடம் எழுதாம வந்தாளே, அதுவும் இதனாலதானா டீச்சர்?"

அதுவரை எனக்கே அது தோன்றவில்லை. பாதி வரியோடு நின்ற அவள் நோட்டு கண்முன் வந்தது.

"ஆமா அண்ணே" என்றேன்.

அவர் வார்டு வாசல்வரை நடந்துபோய் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து அவள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாள். அவரால் உள்ளே போக முடியவில்லை.