பூவரசடிச் சந்தையில் சுமைதாங்கியை நகர்த்தினோம்

1. பெக்கோ நின்றது

"மிஸ், ஒருக்கா கெதியா வாங்கோ. பெக்கோக்காரன் சாவியைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ளை போட்டிட்டு இறங்கி நிக்கிறான். சனமும் கூடிப்போச்சு."

கொன்ராக்டர் யோகன் ரெலிபோனில் இப்படிச் சொன்னபோது நான் அலுவலகத்தில் வேறொரு வேலையின் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

நான் பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவள். ரி.ஓ. என்பார்கள். வீதி, மதகு, வடிகால், சந்தைக் கட்டடம் எல்லாம் எங்கள் பொறுப்பு. போர் முடிந்த பிறகு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அவற்றில் பூவரசடிச் சந்தை வடிகாலும் ஒன்று.

சுன்னாகத்திலிருந்து பண்டத்தரிப்புப் பக்கம் போகும் உள்வீதியில் இருக்கிறது பூவரசடி. சுன்னாகம் போலப் பெரிய சந்தையல்ல. காலையில் மரக்கறியும் வெங்காயமும் மீனும் வரும். மத்தியானத்தோடு முடிந்துவிடும். மாரி தொடங்கினால் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை வெளியே கொண்டுபோவதற்குத்தான் வடிகால். பெக்கோ இயந்திரத்தால் மண்ணை வெட்டிக்கொண்டு வந்தவர்கள் சந்தை வாசலில் நின்ற சுமைதாங்கிக்கு முன்னால் நின்றுவிட்டார்கள்.

சுமைதாங்கி என்பது நிமிர்த்தி நட்ட இரண்டு கற்களும் அவற்றுக்கு மேலே கிடத்திய ஒரு கல்லுமாகும். தலையில் சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியில்லாமல் இறக்கி வைத்து இளைப்பாறக்கூடிய உயரம் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டுக்காரர் அதை வைப்பார்கள். இறக்காத சுமையோடு போனவள். வழியே போகிறவர்களின் சுமை அதில் இறங்கும்போது அவளுடைய சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கல்லின்மேல் ஒரு பனையோலைக் கடகம் நிறையக் கத்தரிக்காய் இருந்தது. கடகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரக்கறி விற்கும் பொன்மலர் அக்கா நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சந்தையில் எந்த அலுவலென்றாலும் முன்னுக்கு நின்று கதைப்பவர்.

"அக்கா, தண்ணி நிக்குதெண்டு போன மாரியிலை சபைக்கு வந்து சத்தம் போட்டது நீங்கள்தானே?" என்றேன்.

"ஓம் பிள்ளை, நான்தான். வாய்க்கால் வெட்ட வேண்டாமெண்டு இப்பவும் சொல்லேல்லை. இதிலை மட்டும் கை வைக்காதேங்கோ."

"ஏன்?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து சொன்னார். "என்ரை மகள் தர்சினி முழுகாமல் இருக்கிறாள். முந்தி ரெண்டு தங்கேல்லை. இது மூண்டாவது. அவள் பெறுமட்டும் விடுங்கோ. பேந்து உங்கடை விருப்பம்."

தர்சினியின் பிள்ளைப்பேற்றுக்கு ஐப்பசி கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். மழையும் அந்த நேரந்தான் வரும்.

2. மூன்று பெண்கள்

வடிகாலை வளைத்துக்கொண்டு போக முடியுமா என்று முதலில் பார்த்தேன். ஒரு பக்கம் கடைச் சுவர். மறுபக்கம் வீதி. லெவல் பிடித்துப் பார்த்தால், வளைத்த இடத்திலேயே தண்ணீர் தேங்கும் என்று தெரிந்தது. செயலாளரிடம் சொன்னேன்.

"சாந்தா, மழைக்கு முன்னம் வேலை முடியோணும். முடியாட்டி அந்தச் சனமே பேந்து எங்களைத்தான் ஏசும். பொலிஸைக் கூப்பிட்டு நிப்பாட்டிப்போட்டு எடுக்கேலாதோ?" என்றார்.

"அப்பிடிச் செய்தால் கல்லு போகும் சேர். வேலை நடக்காது. எனக்குக் கொஞ்சம் அவகாசம் தாங்கோ" என்றேன்.

சந்தையின் மறுகோடியில் வேலையைத் தொடரும்படி யோகனிடம் சொல்லிவிட்டு, அந்தக் கல்லின் கதையைக் கேட்கத் தொடங்கினேன். உரிய குடும்பம் யாரென்று தெரிந்தால் அவர்களிடம் சம்மதம் வாங்கலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் கேட்கத் தொடங்கிய பிறகு, வேலைக்காகக் கேட்கிறேனா ஆசைக்காகக் கேட்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போனது.

மரக்கறிக்காரர்கள் சொன்ன பெண்ணின் பெயர் வள்ளி. வெங்காயக் கடகத்தோடு வந்தவள். சந்தை வாசலில் வலி கண்டு விழுந்தாள்.

"ஆர் சொன்னது வள்ளியெண்டு?" என்றார் மரியநாயகம் அண்ணை. குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். "அவ எங்கடை ஆள் மிஸ். பேர் அந்தோனியா. மீன் கடகம் சுமந்துகொண்டு நடந்து வந்தவ. என்ரை அம்மா உதிலை மெழுகுதிரி கொளுத்தினதை நான் கண்டிருக்கிறன்."

புகையிலைக் கடை முதலாளி இரண்டு கதையையும் கேட்டுச் சிரித்தார். அவருடைய கணக்கில் அந்தப் பெண் சுமை தூக்கியவளே அல்ல. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ஆண்ட காலத்துப் புகையிலை வியாபாரி ஒருவரின் மனைவி. பல்லக்கில் போனவள். "கல்லைப் பாருங்கோ, எவ்வளவு பெரிசு. ஏழையள் உப்பிடி ஒரு கல்லை எங்கையிருந்து கொண்டு வாறது?" என்று கேட்டார்.

யாரைக் கேட்டாலும் அவள் அவர்களுடைய ஆளாகவே இருந்தாள். ஊரில் எந்தக் குடும்பமும் அவளை முறை சொல்லி உரிமை கேட்கவில்லை. ஆனால் சந்தையில் வியாபாரம் செய்யும் ஒவ்வொரு கூட்டமும் அவளுக்குச் சொந்தம் கொண்டாடியது. சம்மதம் கேட்க ஆளில்லை. மறுப்புச் சொல்லவோ முழுச் சந்தையும் இருந்தது.

3. குழிக்குள் இருந்தது

வளைக்காமல் கல்லை ஒட்டியே ஒடுக்கமாகத் தோண்டினால் கல் சாயுமா என்பதை அறிய, அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கவேண்டியிருந்தது. கல்லைத் தொடாமல் பக்கத்தில் ஒரு சோதனைக் குழி மட்டும் கையால் வெட்டுகிறோம் என்று பொன்மலர் அக்காவிடம் சொன்னேன். அவர் தன் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து குழியின் ஓரத்தில் நின்று காவல் காத்தார்.

எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று அடியில் சுண்ணக்கல் பாறை வந்துவிடும். நட்ட கற்களின் கால் அந்தப் பாறையில் நிற்கும் என்று நினைத்திருந்தேன். மண்ணை வழித்துப் பார்த்தால், கால்களைச் சுற்றிச் சீமெந்துக் கொங்கிறீற். அதற்குள் உடைந்த சோடாப் போத்தல் துண்டுகள் பச்சையாகத் தெரிந்தன.

யோகன் குழிக்குள் குனிந்து பார்த்தார். "மிஸ், ஒல்லாந்தன் சோடா குடிச்சவனோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பொன்மலர் அக்காவுக்கு வரவில்லை. "உது என்ன பிள்ளை?" என்று கேட்டார்.

"அக்கா, இந்தக் கல்லை முந்தியே ஆரோ கிளப்பி இதிலை கொண்டு வந்து நட்டிருக்கினம்" என்றேன்.

வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் சிவக்கொழுந்து அண்ணை அப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தார். "ஓம், அதை முந்தித் தள்ளித்தானே வைச்சது" என்றார், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல. "சந்தைக்குள்ளை லொறி திரும்ப இடங் காணாதெண்டு. அங்காலை பூவரசுக்குக் கீழை நிண்ட கல்லு. என்ரை ஐயாவும் ஒரு கை பிடிச்சவர். எனக்குச் சொல்லியிருக்கிறார்."

அவரிடம் நான் எத்தனையோ தேத்தண்ணி குடித்துக்கொண்டு இந்தக் கதையை விசாரித்திருக்கிறேன். "அண்ணை, ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்கள் அவ ஆர், என்ன பேர் எண்டுதானே மிஸ் கேட்டனீங்கள்? அது எனக்குத் தெரியாது. கல்லு எங்கை நிண்டதெண்டு கேக்கேல்லையே."

ஊர்க்கதை கேட்கிற ஆசையில், ஒரு ரி.ஓ. முதலில் கேட்கவேண்டிய கேள்வியையே நான் கேட்காமல் விட்டிருந்தேன்.

பொன்மலர் அக்கா குழிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டார். "அப்ப தள்ளி வைச்சவைக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?" என்று சிவக்கொழுந்து அண்ணையிடம் கேட்டார்.

"அதுக்குப் பேந்து தானே நான் பிறந்தனான்" என்றார் அவர்.

4. ஒரு பகல்

மறுநாள் பொன்மலர் அக்கா என்னிடம் வந்தார். கல்லை எடுக்கலாம். ஆனால் பெக்கோவால் தள்ளக்கூடாது. காலையில் எடுத்தால் பொழுதுபடுவதற்குள் புது இடத்தில் நிற்கவேண்டும். நட்டவுடனே அதில் சுமை வைக்கவேண்டும். "வெறுமனே ஒரு இரவு கிடக்கக்கூடாது பிள்ளை" என்றார். நான் சம்மதித்தேன்.

வடிகாலுக்கு விலகி வாசலிலேயே ஒரு புது இடம் பார்த்தோம். கொங்கிறீற் இறுக நேரம் வேண்டும் என்பதால் அங்கே இரண்டு குழியை முன்கூட்டியே கட்டி முடித்தோம். நட்ட கற்களின் கால்களை அவற்றுக்குள் இறக்கி ஆப்பு அடித்து இறுக்கினால் போதும். யோகன் முக்காலி போல மூன்று இரும்புக் குழாயைக் கட்டி, பாரம் தூக்கும் செயின் புளொக் மாட்டினார். கல்லுக்குச் சாக்குச் சுற்றினோம். மரியநாயகம் அண்ணை அன்று மீனைக் காலையிலேயே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் கயிறு பிடிக்க வந்தார்.

மேற்கல் கிளம்பி அந்தரத்தில் நின்றபோது ஒரு பக்கச் சாக்கு வழுக்கியது. கல் சரிந்து நட்ட கல்லில் இடித்தது. மூலையில் ஒரு துண்டு உடைந்து விழுந்தது. பொன்மலர் அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்.

அந்த நேரத்தில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. தர்சினி இறங்கினாள். நிறைவயிறு. தாய் ஓடிப்போய் மறித்தார். "நீ ஏன் வந்தனி? உன்னை இதுக்குக் கிட்ட வரவேண்டாமெண்டு சொன்னனானல்லோ!"

"அம்மா, ஊர் முழுக்க என்ரை வயித்தைப் பற்றிக் கதைக்குது. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள் அவள். "எனக்கு இந்தக் கல்லுக்குப் பயமில்லை. போன மாரி முழுக்க நீங்கள் தண்ணிக்குள்ளை நிண்டு காய்ச்சலிலை கிடந்தியள். இந்த முறையும் அப்பிடிக் கிடந்தால் என்னோடை ஆஸ்பத்திரியிலை ஆர் நிக்கிறது? எனக்கு அதுதான் பயம்."

பிறகு என்னைப் பார்த்து, "மிஸ், நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ" என்றாள். சிவக்கொழுந்து அண்ணை கொடுத்த கதிரையில் அமர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தாள்.

வெயில் தாழும்போது கல் புது இடத்தில் நின்றது. முதல் சுமையை யார் வைப்பது என்று மரக்கறிப் பக்கமும் மீன் பக்கமும் இழுபறிப்பட்டன. மரியநாயகம் அண்ணை வெறும் மீன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தர்சினி எழுந்து வந்து தன் கைப்பையை மேலே வைத்தாள். "சண்டை பிடிச்சது காணும். இனி எல்லாரும் வையுங்கோ" என்றாள்.

5. காத்திருந்த நாட்கள்

வடிகால் மழைக்கு முன்னே முடிந்தது. ஆனால் தர்சினிக்கு நாள் முந்திவிட்டது. பிள்ளை நிறை குறைவாகப் பிறந்து, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று யோகன்தான் சொன்னார்.

நான் பார்க்கப் போனேன். பொன்மலர் அக்கா வார்ட் வாசலில் நின்றார். என்னைக் கண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கொண்டுபோன தேத்தண்ணிப் போத்தலை அங்கிருந்த வாங்குப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

எனக்கு அந்த நம்பிக்கைகள் இருந்ததில்லை. ஆனாலும் அந்த நாட்களில் சந்தைப் பக்கம் போகும்போதெல்லாம் என் ஹெல்மெற்றைக் கொண்டுபோய் அந்தக் கல்லில் வைத்துவிட்டுத்தான் வேலை பார்த்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வைக்க வேறு இடமில்லை என்று சொல்லியிருப்பேன்.

நல்ல மழை பெய்து வெளித்த ஒரு காலை, தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். வடிகாலில் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. "பிள்ளை!" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. பொன்மலர் அக்கா. காய்ந்த நிலத்தில் சாக்கு விரித்து மரக்கறி பரப்பியிருந்தார்.

"பெட்டியிலையிருந்து எடுத்திட்டினம். தாய்ப்பால் குடிக்கிறாள். பொம்பிளைப் பிள்ளை" என்றார். "உங்களோடை கோவமில்லை. ஆரோடையாவது கோவிக்காட்டி எனக்கு அண்டைக்கு விசர் பிடிச்சிருக்கும்." சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஒரு பை நிறையக் கத்தரிக்காயை அள்ளிப் போட்டார்.

6. இப்போதைய கதை

ஓய்வுபெற்ற பிறகு அண்மையில் ஒருநாள் அந்தச் சந்தைக்குப் போனேன். பொன்மலர் அக்கா இப்போது வியாபாரத்துக்கு வருவதில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பஸ் மாணவர்கள் சிலர் சுமைதாங்கியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் விற்ற இளைஞர் ஒருவர் அவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதை நகர்த்தினது ஒரு இஞ்சினியர் அம்மா. அவவுக்குக் கனகாலமாப் பிள்ளையில்லை. கல்லு அவவின்ரை கனவிலை வந்து, என்னைத் தள்ளி வை, உனக்குப் பிள்ளை தாறன் எண்டு சொன்னதாம். தள்ளி வைச்சா, அடுத்த வருசமே பிள்ளை!"

அந்த வேலை நடந்தபோது என் மூத்தவன் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். "தம்பி, அவ இஞ்சினியர் இல்லை, ரி.ஓ. அவவுக்கு அப்பவே ரெண்டு பிள்ளையள்" என்றேன்.

"நீங்கள் அண்டைக்கு இதிலை நிண்டனீங்களோ அன்ரி?"

"ஓம், நிண்டனான்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "நீங்கள் பின்னுக்கு நிண்டிருப்பியள். சனம் மறைச்சிருக்கும்."

மாணவர்கள் அவர் சொன்னதையே குறித்துக்கொண்டார்கள். நான் வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் வள்ளியையும் அந்தோனியாவையும் பல்லக்கில் போன பெண்ணையும் நினைத்தேன். அவர்களுள் யார் உண்மையில் அங்கே இறந்தவள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூவரும் இல்லாத வேறொருத்தியாகவும் இருக்கலாம்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வேலை நடக்கும் சைற்றில் ஒரு கல்லோ மரமோ மறித்து நின்றால், அதன் கதையைக் கேளுங்கள். கேட்க ஆசையாகவும் இருக்கும். கதையோடு நின்றுவிடாமல், அது எப்போது யாரால் எங்கே வைக்கப்பட்டது என்றும் கேளுங்கள். யாருக்காக மற்றவர்கள் பயப்படுகிறார்களோ, அவர் என்ன நினைக்கிறார் என்று அவரிடமே போய்க் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு உங்களைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பது மட்டும் உங்கள் கையில் இல்லை.