என் முயலுக்கு வந்த கட்டி

மகளின் கினிப் பன்றியைத் தடவும்போது கழுத்தடியில் ஒரு சிறு கட்டி விரலில் பட்டது. மாத்தளை மிருக வைத்தியருக்கும் அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

சிறுவயதில் என் முயலுக்கும் இப்படித்தான் ஒரு கட்டி வந்தது. மிளகு வியாபாரியான வாப்பா, காரம் பட்டுவிடும் என்று இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு, தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பார்.

"மவுத்தாயிடுமா வாப்பா?" செத்துவிடுமோ என்ற பயத்தில் கேட்பேன்.

"தெரியாது மகள். இன்னைக்குக் கீரை திங்குது, பாருங்க."

இரண்டு வருஷம் தின்றது. அது செத்த அன்று வாப்பா கடையைத் திறக்கவில்லை. யாருக்கு என்னவோ என்று அயலவர்கள் ஓடிவந்தார்கள்.

"வீட்டுல ஒரு ஆள் குறைஞ்சிட்டாங்க," என்றார் வாப்பா, சிரிக்காமல்.

இதை மகளிடம் சொன்னேன். அவள் கினிப் பன்றியை என் மடியில் வைத்தாள்.

"நாளைக்கும் நீங்களே தொட்டுப் பாருங்க உம்மா. எனக்குப் பயமா இருக்கு."