வலி இல்லாத நாளின் மாத்திரை

கண்ணாடி வெட்டுகிறவளுக்கு ஒற்றைத் தலைவலி வரக் கூடாது. அவளுக்கு வந்தது. முதலில் கண்ணோரத்தில் ஒரு வெளிச்சம் ரம்பப் பல் மாதிரி நெளியும். பிறகு பாதித் தலைக்குள் யாரோ ஆணி இறக்குவார்கள். அப்படியொரு நாளில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உடைந்து போயிற்று, உள்ளங்கையும் கிழிந்தது.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கல்லாவுல உட்காரு. வெட்டுறதுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்” என்று கடையை நடத்தும் அண்ணன் சொல்லிவிட்டான். கண்ணாடி மேல் வைரமுனை ஓடும் சத்தத்தை வைத்தே கோடு சரியா தப்பா என்று சொல்லிவிடுகிறவளைப் போய்க் கல்லாவில் உட்காரச் சொன்னான்.

நரம்பு டாக்டரம்மா மக்னீசியமும் பி2 வைட்டமினும் எழுதிக் கொடுத்தார். “இது வந்த வலியை நிறுத்தாதும்மா. அடிக்கடி வராம தடுக்கப் பார்க்கும். எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல முடியாது. வலி இல்லாத நாள்லயும் விடாம போடு. மூணு மாசம் போனாத்தான் தெரியும். சிறுநீர் பளிச்சுனு மஞ்சளா போகும், பயந்துடாதே.”

ஆரம்பத்தில் மக்னீசியம் வயிற்றைக் கலக்கியது. டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு டப்பா மூடியில் இரண்டு மாத்திரையையும் அண்ணி வைத்து அனுப்புவாள். இவள் பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வாள். வலி வருவது குறைந்தது. வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று சொல்லாமல் இருந்தாள்.

அப்புறம் திடீரென்று பழையபடி பிடித்துக்கொண்டது. வாந்தி, இருட்டறை, பாதியில் நின்ற வேலை. திங்கட்கிழமை புது ஆள் வருவான் என்றான் அண்ணன்.

மறுநாள் காலை குளியலறையில்தான் அவளுக்கு உறைத்தது. மஞ்சளே இல்லை. யோசித்தால், பல நாளாகவே இல்லை. மதியத்துக்குக் கட்டி வைத்திருந்த டப்பாவின் மூடியைத் தூக்கிக்கொண்டு அண்ணியிடம் போனாள்.

“அண்ணி, இது என்ன மாத்திரை?”

அண்ணி மூடியை எட்டிப் பார்த்தாள். “நான் பிள்ளை உண்டாயிருந்தப்போ குடுத்ததுல மிச்சம். மஞ்சள்ல ஒண்ணு, வெள்ளையில ஒண்ணு. இதுவும் சத்து மாத்திரைதானே? கக்கூஸ்ல அந்த மஞ்சளைப் பார்த்துக் கிட்னி போயிடுமோன்னு பயந்துட்டேன். உங்க அண்ணன்தான் மாத்தி வைக்கச் சொன்னாரு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்க வாய் வரலையா?”

“தலைவலிதானே, அதுக்குப் போய்…” என்று பக்கத்தில் நின்ற அண்ணன் ஆரம்பித்தான்.

அவ்வளவுதான். “சொல்லுண்ணே, முழுசா சொல்லு! அம்மா இதே தலைவலியில இருட்டுல சுருண்டு கிடந்தப்போ டிராமான்னு சொன்ன அதே வாய்தானே? அவ போய் ஒரு வருஷம் ஆகல. கடைசி வரைக்கும் ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியா? இப்ப என் மாத்திரையையும் திருடிட்டு, நான் கண்ணாடி வெட்டுற பெஞ்சையும் புடுங்கப் பார்க்கற!”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். “கோபப்படாதே…”

“படுவேன். முதல்ல இருந்து மூணு மாசம் போடப் போறேன். அப்பவும் கேட்கலன்னா, கல்லாவா பெஞ்சான்னு நான் சொல்றேன். திங்கட்கிழமை வர்றவனுக்கு இப்பவே போன் போட்டு வேண்டாம்னு சொல்லு. என் எதிர்ல.”

அண்ணன் போனை எடுத்தான். குரல் எழும்பாமல், “தம்பி, வர வேண்டாம்பா” என்றான்.

அவள் கடைக்குப் போனாள். ஆத்திரத்தோடு கண்ணாடியில் கை வைக்கக் கூடாது என்று அன்று ஒரு கோடும் போடவில்லை. ஆனால் கடை சாத்தும்வரை பெஞ்சை விட்டு நகரவும் இல்லை.