தொண்ணூற்றேழு விழுக்காடு கித்தார்

மலேசியாவில், தம்போயில், ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எனக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை. பதவியின் பெயர் தர ஆய்வாளர். மற்றவர்கள் எட்டு மணி நேரம் செய்ததை நான் எட்டு விநாடி பார்த்துவிட்டு 'ரிஜெக்ட்' என்று சிவப்பு அட்டை ஒட்டுவேன். பல ஆண்டுகள் இப்படி ஒட்டி ஒட்டி, அளந்து வேலை செய்யத் தெரிந்த ஒரே மனிதன் நான்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். நானாக எதையுமே செய்தது இல்லை என்பதால் அந்த முடிவை மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை.

எங்கள் தேவாலயத்தின் தமிழ்ப் பாடகர் குழுவில் ஒரு கித்தார் இருந்தது. அதை வாசித்தவர் என் தொழிற்சாலையிலேயே வார்ப்பு இயந்திரப் பகுதிக்குப் பொறுப்பாளர். என்னைவிட இரண்டு வயது இளையவர், அதனால் என்னை அண்ணே என்பார். வாரத்தில் ஐந்து நாள் அவர் பிரிவு செய்து அனுப்புவதை நான் ரிஜெக்ட் செய்வேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் இருவரும் கைகூப்பி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

ஒரு ஞாயிறு அந்தக் கித்தார் படியில் விழுந்து கழுத்து உடைந்தது. பூசை முடிந்து மீகூன் தட்டுகளோடு குழு கூடியது. புதியது வாங்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

"எதுக்கு வாங்கணும்? நானே செஞ்சி தரேன்" என்றேன்.

எனக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. முந்தைய வாரம் கைப்பேசியில் ஒரு தாடிக்காரர் கித்தார் செய்யும் காணொளிகளை நாலைந்து பார்த்திருந்தேன், அவ்வளவுதான். அவர் முகத்தில் சிரமமே தெரியவில்லை.

"நெசமாவாண்ணே?" என்றார் கித்தார் வாசிப்பவர்.

"எல்லாம் மெஷர்மெண்ட்தான் தம்பி" என்றேன்.

குழுவின் வாட்ஸ்அப் புலனத்தில் கைதட்டும் படங்கள் குவிய, அன்று மாலைக்குள் நான் கலைஞனாகிவிட்டேன்.

மரம், அறைகலன் பட்டறை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம் கிடைத்தது. மெல்லிய பலகைகளாக அறுத்துக் கொடுத்துவிட்டு, "கித்தாரா? ஹைய்யோ, போலே லா" என்றார். 'முடியும்' என்று அவர் வாய் சொன்னது. கண் வேறு ஏதோ சொன்னது.

கித்தாரின் இடுப்பு வளைவுக்குப் பலகையைத் தண்ணீரில் ஊறவைத்துச் சூடான இரும்புக் குழாயில் அழுத்தி வளைக்க வேண்டும். முதல் பலகை படாரென்று உடைந்தது. மரத்தைக் குறை சொன்னேன். இரண்டாவது உடைந்தபோது குழாயைக் குறை சொன்னேன். மூன்றாவதும் உடைந்தபோது வீட்டில் மிச்சமிருந்தது என் மனைவி மட்டும்தான், அவளைக் குறை சொல்லத் துணிவில்லை. அடுத்தவை எப்படியோ வளைந்தன.

வளைத்த பக்கங்களின் விளிம்பில் உள்ளே ஒரு மரப்பட்டியை ஒட்டி, பசை காயும்வரை கிடுக்கிக்குப் பதில் துணி மாட்டும் கிளிப்புகளால் கவ்வ வைக்கலாம் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்த அத்தனை கிளிப்புகளும் அதற்கே போயின. மறுநாள் காற்றடித்தது.

"என்னங்க, என் ப்ளவுஸ் ரெண்டு பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்துல தொங்குது. நீங்களே போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க."

போனேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் இரண்டையும் அழகாக மடித்துக் கொடுத்தார்.

பிறகு ஈரம். எங்கள் ஊர்க் காற்றில் பலகை அப்பளம் போல நெளிந்தது. ஆகவே ஏர்கண்டிஷன் போட்ட படுக்கையறை கித்தாருக்கு, மின்விசிறி போட்ட கூடம் எங்களுக்கு என்றானது. விருந்தாளியாக வந்த மாமியார் இரண்டே நாளில் தம் ஊரான ரெங்கத்துக்குத் திரும்பிவிட்டார்.

கடைசியாக, விரல் வைக்கும் பலகை. அதன் குறுக்கே பதிக்கும் ஃப்ரெட் கம்பிகள் இருக்க வேண்டிய இடங்களைக் காட்டும் வரைபடத்தை இணையத்தில் எடுத்து, நகல் கடையில் அச்சிடக் கொடுத்தேன்.

"ஃபிட் டு பேஜ் போடவா அங்கிள்?" என்றாள் கடைப் பெண்.

"போடும்மா, ஓரம் வெட்டுப்படாம நீட்டா இருக்கணும்."

அந்தத் தாள்களை இணைத்துப் பலகைமேல் ஒட்டி, கோட்டின் மேலேயே அறுத்தேன். மயிரிழை பிசகவில்லை.

ஐந்து மாதம் கழித்துத் தேவாலயக் கூடத்தில் கித்தாரை அதை வாசிக்க வேண்டியவரிடம் கொடுத்தேன். அவர் தந்திகளைச் சுருதி சேர்த்து, மெதுவாக ஒருமுறை வருடினார். நன்றாகத்தான் இருந்தது. கை மேலே ஏற ஏறச் சுருதி இருக்க வேண்டிய இடத்தைவிட இறங்கிக்கொண்டே போனது. பாதிப் பலகையைத் தாண்டியதும், பல்வலிக்காரன் பாடுவது போல் ஒரு சத்தம் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. "பளபளன்னு இருக்கு" என்றார் ஒருவர். "கையாலயே செஞ்சதாச்சே" என்றார் இன்னொருவர். புலனத்தில் எல்லாரும் படத்தைப் பகிர்ந்தார்கள். ஒலிப்பதிவை ஒருவரும் பகிரவில்லை.

திங்கட்கிழமை மதியம் தொழிற்சாலைக் கேன்டீனில் அவர் கித்தாரை என் மேசைமேல் வைத்தார். என் சட்டைப்பையிலிருந்த அளவுமானியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ஃப்ரெட்டாக அளந்து துண்டுத்தாளில் எழுதினார். சுற்றி அவருடைய பிரிவு ஆட்கள் நாசி லெமாக் பொட்டலங்களோடு நின்றார்கள். அவர்கள் முகத்தில் அத்தனை ஆனந்தத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"எல்லாம் ஒரே கணக்குல சின்னதா இருக்குண்ணே. நூறு இருக்க வேண்டிய எடத்துல தொண்ணூத்தேழு. பிரிண்ட் எடுக்கறப்போ, தாளுக்குள்ள அடங்கறதுக்குச் சுருக்கற ஃபிட் டு பேஜ் போட்டீங்களா?"

"ஓரம் வெட்டுப்படக் கூடாதுன்னுதான்..." என்றேன்.

"பரவால்லண்ணே. நம்ம பிளாஸ்டிக் ஆறுனா சுருங்குமே, அந்த மாதிரிதான். எல்லாமே ஒரே அளவு சுருங்கியிருந்தா சரி பண்ணிடலாம். தந்தியோட நீளத்தையும் அதே அளவு சுருக்குங்க. கீழ தந்திய புடிச்சிருக்கற கட்டைய ரெண்டு சென்டிமீட்டர் மேல தள்ளி ஒட்டுங்க, போதும்."

சுருக்கத்தைப் பற்றிய இதே விளக்கத்தை அவர் என் சிவப்பு அட்டைகளின் அடியில் ஆண்டுக்கணக்காக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. அது அந்த மேசையில்தான் எனக்கு உறைத்தது.

எழுந்து போகும்போது கித்தாரின் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டினார். சிவப்பு இல்லை, மஞ்சள். 'மறுவேலை' என்று பொருள்.

சனிக்கிழமை பகலில் இஸ்திரிப் பெட்டியால் கட்டையைச் சூடாக்கி, மெல்லிய கத்தியைப் பசைக்குள் நுழைத்துப் பெயர்த்தோம். நான் கத்தியை நகர்த்த, மனைவி பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அதை இரண்டு சென்டிமீட்டர் மேலே தள்ளி ஒட்டினோம். கட்டை முன்பு இருந்த இடத்தில் பாலிஷ் உரிந்து வெள்ளையாக ஒரு திட்டு விழுந்தது. அதை மறைக்க வழி தெரியவில்லை.

அடுத்த வாரப் பூசையில் அவர் வாசித்தார். மேல் சுரம், கீழ்ச் சுரம், எல்லாம் சரியாக நின்றன. ஐந்து மாதமாக வீட்டில் கிடந்த மரத்துண்டு நூறு பேருக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தது. மனைவி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். எனக்குச் சளி பிடித்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் சபைத் தலைவர் கித்தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வெள்ளைத் திட்டு டிசைனா?"

"ஆமாங்க" என்றார் வாசித்தவர், சிரிக்காமல். "ஸ்பெஷலா செஞ்சது."

பங்குத் தந்தை என் தோளில் கைபோட்டார். கோயிலுக்கு ஒரு புது வாசக மேடை தேவைப்படுகிறதாம், என்னைப் போன்ற கைத்திறன் உள்ளவர்...

"அவருக்கு இப்ப நேரம் இல்லீங்க ஃபாதர்" என்றாள் என் மனைவி.

நான் வேகமாகத் தலையாட்டினேன்.