அடுப்பின் மேல் காய்ந்த இறக்கை

எங்கள் லயத்து அடுப்புக்கு மேலே, பரணில், ஒரு மழைக்காலம் முழுக்க ஆகாயக் கப்பலின் இறக்கை காய்ந்தது என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கருவாடு காய்கிற இடத்தில் இறக்கையா என்கிறார்கள். கருவாடும்தான் காய்ந்தது. இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தாள் அம்மா.

வரிசை வீடுகளான லயங்களோடு எங்கள் தேயிலைத் தோட்டம் பெரகலைக்கு மேலே, மலை சட்டென்று முடிந்து கொஸ்லந்தைப் பக்கம் பெரும் பள்ளமாக இறங்குகிற இடத்தில் இருந்தது. அங்கே பெரிய துரைக்கு உதவியாக வந்து சேர்ந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைக்குத் தேயிலையைவிடக் காற்றின் மேல்தான் கவனம். சீமையிலிருந்து படம் போட்ட புத்தகங்களைத் தருவித்து, ஆகாயக் கப்பல் கட்டியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் பிறகு வரட்டும், முதலில் இறக்கையோடு மலை முனையிலிருந்து மிதக்கவிட்டுப் பார்க்கலாம் என்பது அவர் திட்டம். அதற்கு ஓர் ஆசாரி வேண்டியிருந்தது. ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடித்துக்கொண்டிருந்த என் மாமா அகப்பட்டார்.

மாமா அம்மாவின் தம்பி. தாயில்லாத அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் அம்மா கடல் தாண்டி இந்த மலைக்கு ஏறி வந்தாளாம். மீசை முளைத்த பிறகும் அவருக்குச் சோறு போடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

இறக்கைக்குள் வரிசையாக நிற்கும் வளைந்த சட்டங்களை மாமா விலா என்பார். முதலில் முழுப் பலகையில் வரைந்து ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள். கனமாக வந்தது. இழைத்து மெலிதாக்கினால் வளைவில் முறிந்தது. சின்னத்துரை புத்தகத்தைப் புரட்டி வேறொரு வழி கண்டுபிடித்தார். அதன்படி தடித்த பலகை ஒன்றில் விலாவின் வளைவை வரைந்து, கோட்டின் இருபுறமும் சின்னச் சின்ன மரக்கட்டைகளை அடித்து நிறுத்தினார் மாமா. மெல்லிய சட்டங்களை வெந்நீரில் ஊறவைத்து, கட்டைகளுக்கு நடுவே வளைத்துச் செருகிக் காயவிடுவார். அப்புறம் மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் இடையில் குச்சிகளை நிறுத்தி வச்சிரம் தடவி ஒட்டுவார். ஒவ்வொரு மூட்டின் மேலும் தேயிலைப் பெட்டிப் பலகையில் வெட்டிய முக்கோணத் துண்டு ஒன்று உட்காரும். ஆணி கனம் என்று சின்னத்துரை ஓர் ஆணிகூட அடிக்க விடவில்லை. காய்ந்ததும் கழற்றிவிட்டு அதே பலகையில் அடுத்த விலா. அச்சு முறுக்கு மாதிரி எல்லாம் ஒன்றுபோலவே வரும்.

வச்சிரம் என்பது மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. எங்கள் ஊர் மூடுபனியில் அது ஸ்டோர் கொட்டகையில் காயவே இல்லை. அதனால்தான் விலாக்கள் எங்கள் பரணுக்கு வந்தன. கட்டியாக இறுகிய வச்சிரத்தைத் தினமும் உருக்கிக் கொடுத்ததும் அம்மாதான். மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்டுவாள். நான் ஈரக் கையோடு பரண் பக்கம் போனால் போதும், மாமா கத்துவார்:

"ஏ புள்ள, தண்ணி படக்கூடாது! வச்சிரம் விட்டுரும்!"

இறக்கை வளர வளர ஒரு விஷயம் வெளியே வந்தது. சின்னத்துரை நல்ல பாரம். மாமாவோ கொக்கு. எனவே முதல் தடவை மலை முனையிலிருந்து இறங்கப்போவது மாமாதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா லயத்துக்கு மேலே பறந்து வந்து பொரி தூவுவார் என்று வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா மட்டும் அடுப்படியில் மாமாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏலாதுன்னு சொல்லிப்புடு தம்பி."

"தொரைகிட்ட அப்படிச் சொல்ல முடியுமாக்கா?" என்றார் மாமா.

அதன் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாமா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோக ஆரம்பித்தார். கன்னம் ஒட்டிப்போயிற்று. பறப்பதற்காகத்தான் உடம்பைக் குறைக்கிறார் என்று நினைத்து நானும் பெருமைப்பட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்ததும் விலாக்களைக் கோத்து, துணி போர்த்தி, மலை முனைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மாமா பொரிகடலை வாங்கப் பெரகலைக் கடைக்குப் போயிருந்தார். அம்மா சாமான்களைச் சாமிக்கு ஒழுங்கு பண்ணினாள். உளியையும் ரம்பத்தையும் எண்ணெய்த் துணியால் துடைத்துச் சந்தனம் வைத்தாள். பிறகு பரணிலிருந்து விலாக்களை ஒவ்வொன்றாக இறக்கி, வாசலில் பெரிய தொட்டியில் வெந்நீர் ஊற்றி, அதில் அமிழ்த்தினாள். ஊறட்டும் என்று விட்டுவிட்டுக் குங்குமம் குழைக்கப் போனாள்.

பூஜைக்கு வந்து மாலை மரியாதை வாங்கிக்கொண்ட சின்னத்துரைதான் முதலில் பார்த்தார். முக்கோணத் துண்டுகள் தொட்டியில் மிதந்தன. வளைந்த சட்டங்கள் சாவகாசமாக நிமிர்ந்துகொண்டிருந்தன. அவர் முகம் தக்காளியாகிவிட்டது.

"சாமிக்கு வைக்கிற சாமானக் கழுவாம வைக்கலாங்களா தொரை?" என்றாள் அம்மா, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "ஒரே கரியும் கருவாட்டு நாத்தமுமா இருந்திச்சு. அதான் சுடுதண்ணியில போட்டேன்."

சாமி என்று வந்துவிட்டால் துரையால் என்ன பேச முடியும்? தலையில் கை வைத்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாலை அவர் கழுத்தில் கோணலாகத் தொங்கியது. லயமே அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும். இப்படி ஓர் அசட்டு அம்மா எனக்கு ஏன் வாய்த்தாள் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். மறுபடி செய்வதற்குள் அடுத்த மழை பிடித்துக்கொண்டது. அடுத்த வருடம் சீமையில் சண்டை என்று சின்னத்துரை கப்பல் ஏறினார், திரும்பவில்லை. மாமா கல்யாணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்து, தலை நரைக்கும்வரை பெட்டி அடித்தார்.

தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று ரம்பத்தை எண்ணெயால் துடைக்கத் தெரிந்தவள், ஒரு மழைக்காலம் முழுக்க வச்சிரத்தைச் சூட்டில் உருக்கிக் கொடுத்தவள், வெந்நீர் அதை என்ன செய்யும் என்று அறியாமலா இருந்திருப்பாள்? இது என் மண்டையில் ஏற எனக்கே பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

கடையிலிருந்து திரும்பிய மாமா அன்று தொட்டியைப் பார்த்தார். எண்ணெய் மின்னிய ரம்பத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அத்தனை நாள் உழைப்பும் வெந்நீரில் கரைந்து போயிருக்க, இந்த மனுசனுக்கு எப்படிப் பசிக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் போடப் போட, சுண்டலைத் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார்.