காணிப்பாக்கத்தில் வாங்கிய வாரண்டி

காணிப்பாக்கம் பிள்ளையார் முன் யாரும் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார்கள் என்பது எங்கள் சித்தூர்க்காரர்களின் நம்பிக்கை. பழைய கார் வாங்கியபோது வியாபாரியை அங்கேதான் அழைத்துப் போனோம். குளத்தில் முழுகி, பிள்ளையார் முன் கையை உயர்த்தி, “இன்ஜினுக்கு ஆறு மாசம் நான் பொறுப்பு” என்றார். எதையும் எழுதி வாங்கவில்லை.

மூன்றாம் வாரம், திருப்பதி போகும் வழியில் இன்ஜின் புகைந்து நின்றது. வியாபாரியைப் போனில் கேட்டதற்கு, “நான் அப்டி சொல்லவே இல்லியேம்மா” என்றார். வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னேன்.

“அவரு வாட்ஸ்அப்புல ஆறு மாசம் கேரண்டின்னு பேசி அனுப்பிச்சது கீதுல்ல அண்ணி? அத வச்சி கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்” என்றாள் அவள். கொடுத்தோம்.

நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த மறுநாளே வியாபாரி மெக்கானிக்கோடு வந்து நின்றார். “நானே சரி பண்ணிக் குடுத்துடறேன், கேஸ் வாணாம்மா.” நோட்டீஸைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது. பிள்ளையார் முன் நடுங்காத கை. நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மிக்ஸி வாங்கினாலும் வாரண்டியை பில்லில் எழுதி வாங்குகிறேன். காணிப்பாக்கத்துக்குக் கும்பிட மட்டும் போகிறேன்.